பன்னிரண்டு மணி டிரிப்

சவரிராயன் கல்லறை நகர ஆரம்பித்தது முதலில் ஆட்டுக்குத்தான் தெரிந்தது. நல்லமாங்குளத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற தொம்மை, காலையில் தன் வெள்ளாட்டைச் சவரிராயனின் சிலுவையில் கட்டிப்போட்டுவிட்டு உச்சிப்பொழுதில் வந்து அவிழ்ப்பது வழக்கம். அன்றைக்கு வந்து பார்த்தால் ஆடு முன்னங்காலை ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது, சிலுவை அந்தப் பக்கம் இழுக்க ஆடு இந்தப் பக்கம் இழுக்க, கோயிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓயவும் இழுவையும் ஓய்ந்தது. தொம்மை கல்லறையைச் சுற்றி வந்தான். மேற்கே ஒரு சாண் அகலத்துக்கு ஈரமண் புதிதாகத் தெரிந்தது, கிழக்கே புல் மடிந்து கிடந்தது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு நேரே மதலேனாள் வீட்டுக்குப் போனான்.

"மைனி, அண்ணாச்சி கிளம்பிட்டாவ" என்றான்.

மதலேனாள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். புருசன் செத்து ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. செத்தவர் எப்படிக் கிளம்புவார் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"எந்தப் பக்கமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கிழக்க."

"அதான பார்த்தேன்" என்று சொல்லிக் கையிலிருந்த மீனின் தலையை ஒரே வெட்டாக வெட்டினாள்.

கிழக்கே மதிலோரம், வாகை மரத்தடியில் இன்னாசியம்மாள் கிடந்தாள். சவரிராயனின் மூத்த தாரம். கல்யாணமான மறுவருசமே தவழுகிற பிள்ளையை விட்டுவிட்டு மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவள், போனவள் முழுசாகப் போகாமல் கல்யாணப் போட்டோவில் தலையைக் குனிந்துகொண்டு வீட்டு நடுச்சுவரிலேயே தங்கிவிட்டவள். மதலேனாள் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் அந்தக் குனிந்த தலையோடுதான் மல்லுக்கட்டினாள். குழம்பு வைத்தால் "இன்னாசி ரெண்டு துண்டு மாங்காய் போடுவா" என்பார், புதுச்சேலை கட்டினால் "இந்தக் கலர்ல இன்னாசிக்கு ஒண்ணு இருந்துது" என்பார், மழை பெய்தால் இன்னாசி, கரண்டு போனால் இன்னாசி. திட்டியிருந்தால்கூட மதலேனாளுக்கு ஆறியிருக்கும். மனுசன் ஒரு நாளும் திட்டினதில்லை, கை ஓங்கினதில்லை, போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு டூட்டிக்குப் போய்விடுவார். அவளுக்குத்தான் வயிறு எரியும். செத்தவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? முடியைப் பிடிக்க முடியுமா, தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்ற முடியுமா?

அந்த ஊரில் குடும்பத்துக்கு ஒரு குழிதான் வழக்கம். பிற்பாடு சாகிறவர்களுக்கு, முன்னால் செத்தவர் குழியையே திறந்து, கிடக்கிற எலும்பைத் துணியில் பொதிந்து கால்மாட்டில் வைத்துவிட்டு, அதிலேயே இறக்குவார்கள். சவரிராயன் செத்த அன்று, ஸ்டியரிங் பிடித்துப் பிடித்தே வளைந்துபோன அவர் விரல்கள் கும்பிட மாட்டேன் என்று முரண்டு பிடிக்க, உபதேசியார் ஞானாதிக்கம் இரண்டு கையையும் சேர்த்துவைத்துச் செபமாலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தொம்மை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாகை மரத்தடிக்குப் போனான். சவப்பெட்டியை மூடியதும் மதலேனாள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருசம் சோறு போட்டது நானு, கால் அமுக்கினது நானு, கடைசியில கொண்டுபோயி அவ மடியில படுக்க வைக்கவா? அதுக்கு என்னையும் சேர்த்துப் பொதைங்க."

யார் என்ன சொல்லியும் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் மேற்கு மூலையில் முள்ளை வெட்டிப் புதுக்குழி தோண்டினார்கள். வாகை மரத்திலிருந்து அதைவிடத் தூரமாகப் போக வேண்டுமானால் மதிலைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் விட்டு, நாலு மூலையிலும் கல் நட்டுவைத்தாள் மதலேனாள். இனி எவளும் நடுவில் வரமுடியாது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அந்த நிம்மதியில்தான் இப்போது மண் விழுந்தது.

சவரிராயன் யார் என்று சொல்ல வேண்டும். மினிபஸ் டிரைவர். எந்த இடத்தில் எவர் கை காட்டினாலும் நிறுத்துகிறவர், மேட்டில் நிறுத்துவார், பள்ளத்தில் நிறுத்துவார், கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வான். "கை கீழ இறங்குற வரைக்கும் வண்டியை எடுக்கப்படாதுடே" என்பார். மதலேனாள் பீடித் தட்டோடு கம்பெனிக்குப் போன காலத்தில் ஒரு நாள், ஆளில்லாத பனங்காட்டில் நின்று கை காட்டினாள். பஸ் கிறீச்சென்று நின்றது. வண்டியில் கண்ணாடிக்கு மேலே இன்னாசியின் போட்டோவும் வாடாத முல்லைச்சரமும் இருந்ததை அவள் பார்த்தாள்தான், ஆனாலும் இந்த மனுசன் எனக்காக நின்றார் என்று மனசுக்குள் ஒரு பூ பூத்துவிட்டது. அதே நினைப்பில்தான் கழுத்தையும் நீட்டினாள். கல்யாணமான பிறகு அதே பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால், கோழிக்கூடையோடு நிற்கிற கிழவிக்கும் அதே பிரேக், குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவனுக்கும் அதே பிரேக். அவர் நின்றது தனக்கா, தன் கைக்கா என்று அன்று தொடங்கிய சந்தேகம் அவர் சாகும்வரைக்கும் தீரவில்லை.

கல்லறை நகர்கிற சேதி ஊரில் பரவியபோது பெரிதாக யாரும் பதறவில்லை. பன்னிரண்டு மணி டிரிப் அவருடையதுதானே, பழக்கதோசம் எங்கே போகும் என்றார்கள். பங்குச் சாமியார் வயசில் சின்னவர், ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டுக் கேட்டார், டிவிக்காரர்களை உள்ளே விடாதீர்கள் என்று மட்டும் பதில் வந்தது. வழியில் கல்லறை உள்ளவர்கள்தான் கொஞ்சம் சத்தம் போட்டார்கள், எங்கள் அம்மா மேல் ஏற்றிவிட்டால் யார் ஜவாப் என்று. ஆனால் சவரிராயன் ஒருத்தர் மேலும் ஏற்றவில்லை. ஒவ்வொரு கல்லறையையும் அளவாக வளைத்துத் திருப்பி, ஒரு பூந்தொட்டி உடையாமல் போனார். ஆயுசுக்கும் ஆக்சிடென்ட் செய்யாத டிரைவர் என்று உபதேசியார் பூசை முடிந்து அறிவிப்பில் சொன்னார்.

மதலேனாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய், கல்லறைக்கு முன்னால் நின்று, பனங்காட்டில் நின்ற மாதிரியே வலது கையை நீட்டினாள். மணி அடித்தது. கல்லறை அசையவில்லை. மணி ஓய்ந்தது. அப்போதும் அசையவில்லை. வீட்டுக்கு வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, அன்றைக்கு மாங்காய் போடாமல் குழம்பு வைத்து, நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிச் சாப்பிட்டாள்.

மறுநாள் தொம்மை வந்தான். "மைனி, இன்னிக்குப் பால்காரி செல்லக்கனி சும்மா வெளாட்டுக்குக் கை காட்டினா பாத்துக்கிடுங்க. அவளுக்கும் நின்னுட்டாவ."

அதன் பிறகு கேட்க வேண்டுமா? ஊரே கை காட்டியது. பூக்காரி கை காட்டினாள், சந்தைக்கு வந்தவர்கள் கை காட்டினார்கள், பக்கத்து ஊரிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து கை காட்டினார்கள், சாமியார்கூட யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் காட்டினார். அத்தனை பேருக்கும் நின்றார் சவரிராயன். மதலேனாள் கொதித்துப் போனாள். "செத்தும் திருந்தல பாத்தியா, வெக்கங்கெட்ட மனுசன்" என்றாள். அதோடு கை காட்டப் போவதை விட்டுவிட்டாள். நாளாக ஆக ஊருக்கும் அலுத்துப்போக, கல்லறை மறுபடியும் கிழக்கே ஊர்ந்தது.

ஊர்ந்தது என்றால் ஒரே ஓட்டமாக இல்லை, ஸ்டாப் ஸ்டாப்பாக. முதலில் அக்கினேஸ் டீச்சர் கல்லறையில் நின்றார். கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டே செத்தவள் அந்த டீச்சர், பிள்ளைகள் அவள் விழுந்ததைப் பார்த்துவிட்டும் தேதியை நோட்டில் எழுதி முடித்துவிட்டுத்தான் அழுதார்கள். அடுத்தது பனையேறி லேயோன், ஆயுசு முழுக்கப் பனை உச்சியில் நின்று பாட்டுப் பாடினவன், கடைசியில் கயிற்றுக் கட்டிலிலிருந்து புரண்டு விழுந்து செத்தான், கீழே இருந்தது இரண்டே முழம். அதற்கடுத்து மரியசெல்லம், அவள் செத்ததே சவரிராயன் பஸ்ஸில்தான். ஜன்னலோரம் சாய்ந்திருந்தவளைத் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று சவரிராயன் போக ஒரு டிரிப், வர ஒரு டிரிப் கூட்டிப் போனார், செத்த பிறகு அவ்வளவு தூரம் சுற்றிப் பார்த்தவள் அந்த வட்டாரத்தில் வேறு எவளும் இல்லை. கல்லறை ஒவ்வொருவர் பக்கத்திலும் சில நாள் நின்று, ஆள் ஏறி உட்காருகிற அளவுக்கு நேரம் கொடுத்து, பிறகு கிளம்பியது. அந்தந்த வீட்டுக்காரர்கள் அந்த நாட்களில் பூ வாங்கிவந்து இரண்டு கல்லறைக்கும் சேர்த்தே வைத்தார்கள். சிலர் அவரிடம் சேதி சொல்லி அனுப்பினார்கள், அடுத்த ஸ்டாப்பில் கிடக்கிற சொந்தக்காரருக்கு.

மதலேனாளுக்கு ஒவ்வொரு ஸ்டாப்பும் நெஞ்சில் ஏறுகிற மாதிரி இருந்தது. தொம்மை வீட்டுத் தெருவில் நடந்து வந்தாலே, "இப்பம் எங்கன நிக்காவ?" என்று வாசலில் நின்று கேட்பாள். லேயோன்கிட்ட என்பான். மரியசெல்லத்தைத் தாண்டிட்டாவ என்பான். தான் கல் நட்டு வைத்த இடம் வெறும் பள்ளத்துக்குப் பக்கத்தில் அநாதையாகக் கிடப்பதை நினைத்து நினைத்து, கல் நட்ட அன்றைக்கு வந்த தூக்கமும் அவளுக்குப் போய்விட்டது. நாளைக்குத் தான் செத்தால் அந்த மூலையில் தனியாகக் கிடக்க வேண்டும், அவர்கள் இரண்டு பேரும் வாகை நிழலில் ஒன்றாகக் கிடப்பார்கள், உலகம் முடிகிற வரைக்கும்.

இன்னாசியின் மகள் பிலோமி அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருந்தாள். மதலேனாள் வளர்த்த பிள்ளைதான். அவளிடம் ஒரு நாள் வாய் தவறிவிட்டது.

"ஒனக்குச் சந்தோசமாத்தானட்டி இருக்கும். ஒங்க அப்பா ஒங்க அம்மைகிட்டப் போறாவ."

பிலோமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு காப்பித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கல்லறைத் திருநாள் நெருங்கி வந்தது. ஊரே சுண்ணாம்பும் மட்டையுமாகக் கல்லறைகளை வெள்ளையடிக்க இறங்கியிருந்தது. சவரிராயன் அப்போது அருளப்பன், சின்னப்பன் என்கிற அண்ணன் தம்பி கல்லறைகளுக்கு நடுவில் நின்றார். வாய்க்கால் வரப்புக்காகப் பேச்சை விட்டு, ஒரே வாரத்தில் செத்து, பக்கம் பக்கமாகக் கிடந்தும் பேசாத அண்ணன் தம்பி அவர்கள். முதலில் யார் ஏறுவது என்று அங்கே தாமதமாகியிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதைவிட்டால் வாகை மரம்தான். மதலேனாள் போகவே கூடாது என்று கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு தாழைத் திறந்துகொண்டு ஓடினாள்.

தோட்டத்து வாசலில் தொம்மை எதிரே ஓடி வந்தான்.

"காலையில வந்து பாக்கேன், மூத்த மைனியக் காணும்" என்றான்.

வாகை மரத்தடியில் இன்னாசி கிடந்த இடம் நீளவாக்கில் ஈரமாகத் திறந்து கிடந்தது, மண்புழு நெளிந்தது. அங்கிருந்து ஒரு தடம், எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல், எவர் கல்லறைப் பக்கமும் ஒதுங்காமல், நடுப்பாதை வழியாக நேராக மேற்கே போயிருந்தது. மதலேனாள் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். மேற்கு மூலையில் அவள் நட்ட நாலு கல்லுக்கு நடுவில், அவளுக்கென்று அவள் வைத்திருந்த இடத்தில், சிலுவையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, போட்டோவில் தலை குனிந்த அதே வாக்கில், இன்னாசியம்மாள் கிடந்தாள். சவரிராயனிடமிருந்து அதைவிடத் தூரமாகப் போக வேண்டுமானால் மதிலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இத்தனை வருசமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது. ஆனால் வந்தது மதலேனாள் நினைத்துவைத்திருந்த சண்டை இல்லை.

"ஏட்டி! எம் புருசனுக்கு என்னட்டி கொறச்சல்?" என்று கத்தினாள். "குடிச்சாவளா? கூத்தியா வச்சாவளா? ஒரு வார்த்தை கடுசாப் பேசினாவளா? ஒன் போட்டோவுக்குப் பூ வைக்காம ஒரு நாள் வண்டிய எடுத்ததில்லட்டி அந்த மனுசன்! மழையில நனைஞ்சு ஒனக்கு வெள்ளையடிச்சாவ. ஒனக்காகத்தானட்டி அம்புட்டுத் தூரம் உருண்டு வந்தாவ. வாங்கன்னு சொல்ல வேண்டாம், அதுக்காக எந்திரிச்சு ஓடியா வருவா ஒருத்தி? அதுவும் என் எடத்துல வந்து விழுந்து கெடக்கே!"

வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மட்டையைப் பிடித்தபடி பார்த்தார்கள். பிலோமிதான் வந்து கையைப் பிடித்தாள்.

"சித்தி, போதும், வாங்க. அம்மைக்குக் கன்னியர் மடத்துல சேரணும்னுதான் ஆசையாம். தாத்தா அங்கேருந்து இழுத்துட்டு வந்து கட்டிவச்சாராம். பெரியம்மை சொல்லிருக்கா. அப்பா பஸ்ஸுல அம்மை ஒரு நாளும் ஏறினதில்லியாம் சித்தி. சந்தைக்கும் நடைதான், ஆஸ்பத்திரிக்கும் நடைதான். அப்பா பின்னாலயே மெதுவா வண்டிய ஓட்டிட்டு வருவாவளாம், அம்மை திரும்பியே பாக்காதாம்."

"இத ஏன் முன்னமே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியளா?"

மதலேனாள் இன்னாசியின் சாய்ந்த சிலுவையைப் பார்த்தாள். குனிந்த தலை வெட்கம் என்று நினைத்திருந்தாள். அந்த வெட்கத்தைப் பார்த்துத்தானே இத்தனை காலமும் வெந்தாள்.

கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போன பிறகு, அவள் கிழக்கு மதிலோரம் போனாள். அண்ணன் தம்பியையும் தாண்டி வந்து, சவரிராயன் அந்த ஈரக்குழியின் விளிம்பில் நின்றிருந்தார். மணி அடித்தால்கூட அசைவதில்லை என்று தொம்மை சொல்லியிருந்தான். கடைசி ஸ்டாப்பில் ஏற ஆளில்லாமல் நிற்கிற வண்டியின் கோலம். மதலேனாள் சிலுவையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "எரியுதா? ஒருத்தர நெனச்சே கெடந்து, அவ ஏறெடுத்தும் பாக்கலன்னா எப்படி இருக்கும்னு இப்பமாவது தெரிஞ்சுதா ஒங்களுக்கு?"

அவளுக்கு ஆசை தீரச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கவில்லை. பாவம்தான் அந்த மனுசன். ஆனால் நன்றாக வேண்டும். மெழுகுவர்த்தி உருகி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து, எழும்போது முழங்காலுக்குப் பிடிமானமாகச் சிலுவையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

கார்த்திகை மழை பிடித்த பிறகு ஒரு நண்பகலில் கல்லறை மெல்லத் திரும்பியது. பிலோமி ஓடி வந்தாள், தொம்மை ஓடி வந்தான், உபதேசியார் குடையோடு வந்தார்.

"மதலேனம்மா, தோத்திரம் சொல்லுங்க! ஒங்ககிட்டயே வாராவ. மேற்க பாத்துத் திரும்பிட்டாவ" என்றார் உபதேசியார்.

ஊரெல்லாம் அதையே சொன்னது. மனுசனுக்குப் புத்தி வந்துவிட்டது, சோறு போட்டவளின் அருமை செத்த பிறகாவது தெரிந்தது என்று. மதலேனாள் மட்டும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கு மூலையில்தான் அவள் இடம் இருந்தது. மேற்கு மூலையில்தான் இப்போது இன்னாசியும் கிடந்தாள். அவர் வருவது யாருக்காக? யாரைக் கேட்டால் தெரியும்? மனசு ஒரு நாள் எனக்கு என்றது, மறுநாள் அவளுக்கு என்றது, இரண்டுக்கும் நடுவில் அவள் ராத்திரிச் சோறு ஆறிப்போனது.

மழை வெறித்த ஒரு நாள், உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், அவள் உபதேசியாரையும் தொம்மையையும் கல்லறைத் தோட்டத்துக்கு வரச்சொன்னாள். அண்ணன் தம்பியையும் தாண்டிச் சவரிராயன் திரும்பி வந்துகொண்டிருந்தார். மேற்கு மூலையில் இன்னாசிக்கு இந்தப் பக்கம், நடுப்பாதையை ஒட்டி, அவர் எப்படி வளைத்தாலும் தாண்டித்தான் வர வேண்டிய ஓரிடத்தில், மதலேனாள் காலால் கோடு கிழித்தாள்.

"தொம்மை, நான் செத்தா இங்கன போடு. அவளுக்கு முன்னால. மொதல் ஸ்டாப் நானா இருக்கணும்."

"சரி மைனி."

"உபதேசியாரே, ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும். என் கைய ரெண்டையும் கட்டிராதீய. செபமாலைய எடது கையில சுத்துங்க, போதும். வலது கைய நீட்டி வச்சிருங்க."

உபதேசியார் குடையை மடக்கினார். "கும்பிட்ட கையோடதான அனுப்பணும், அதான முறை? எதுக்கு நீட்டணும்?"

"கை காட்டணும்லா."

"அப்பவும் அவரு ஒங்களுக்காகத்தான் நிக்காருன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எனக்காக நிக்காண்டாம்" என்றாள் மதலேனாள். "கைக்காக நிக்கட்டும். கை கீழ இறங்குற வரைக்கும் அவிய வண்டிய எடுக்கமாட்டாவ. செத்தவ கை எங்கன கீழ இறங்கும்?"

கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்தது. தூரத்தில் சவரிராயனின் கல்லறை ஒரு குலுக்குக் குலுங்கியது. மதலேனாள் கோட்டுக்குள் வந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது கையை நீட்டினாள். கல்லறை நின்றது. மணி ஓய்ந்தது. தொம்மையும் உபதேசியாரும் போகலாம் என்று கூப்பிட்டார்கள். தோள் வலித்தது அவளுக்கு. கையை அவள் இறக்கவில்லை.